குதிரையில் வந்த கோட்ஸும் அலமாரி நிறைந்த புத்தகங்களும்

தென்னாப்பிரிக்காவில் அன்றைய டிரான்ஸ்வால் குடியரசின் தலைநகரான பிரிட்டோரியாவில் ஜனாதிபதி க்ரூகரின் வீடு பார்வைக்கு மிக எளிமையானது, தோட்டம்கூடக் கிடையாது. வாசலில் காவலர் ஒருவர் நிற்பதை வைத்துத்தான் அது யாரோ அதிகாரியின் வீடு என்று ஊகிக்க முடியும். 1893இல் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த மோகன்தாஸ் காந்தி என்ற இளம் பாரிஸ்டர் உலாவப் போகும்போதெல்லாம் அந்த வீட்டை ஒட்டிய நடைபாதை வழியாகவே போவார். இந்தியர்கள் நடைபாதையில் நடக்கக் கூடாது என்பது டிரான்ஸ்வால் விதி. இருந்தும் அவரை யாரும் தடுத்ததில்லை. ஒரு நாள் மட்டும், காவலுக்கு நின்றவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவரைத் தள்ளி, உதைத்துத் தெருவில் இறக்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் குதிரையில் அவ்வழியே வந்தார் கோட்ஸ் என்ற வெள்ளையர். நடந்ததைக் கண்டதும் நின்றார். வழக்குப் போடுங்கள், நானே சாட்சி சொல்கிறேன் என்றார். எனக்கென்று ஏற்பட்ட குறைக்காக நான் நீதிமன்றம் போவதில்லை என்று காந்தி மறுத்துவிட்டார். கோட்ஸ் விடவில்லை, காவலரிடம் டச்சு மொழியில் பேசினார். காவலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நம் சபைகளில் ‘சாட்சி சொல்வது’ என்றால் வேறு பொருள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, கர்த்தர் எனக்குச் செய்தது என்ன என்று சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். கோட்ஸ் அந்தப் பொருளிலும் காந்தியிடம் சாட்சி சொன்னவர்தான், வாரந்தோறும் சொன்னவர். ஒரே நண்பர், ஒரே ஆண்டு, இருவகைச் சாட்சி. இரண்டில் எது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப்போகிறோம்.

நிகழ்வுகளைப் பெரும்பாலும் காந்தியின் தன்வரலாறான ‘சத்திய சோதனை’யிலிருந்தே எடுத்திருக்கிறேன். அதாவது, கேட்டவரின் பக்கத்திலிருந்து. விசுவாசத்தைப் பகிர்வது பற்றி நாம் படிப்பதெல்லாம் சொன்னவர் எழுதியதாகவே இருக்கும். எத்தனை பேரிடம் சொன்னேன், எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று கணக்கு வரும். கேட்டவர் உட்கார்ந்து, பெயர் பெயராக, பகையில்லாமல், முப்பது ஆண்டு கழித்தும் நன்றியோடு எழுதிய பதிவு இதைப் போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு கதையை இங்கேயே ஒதுக்கிவைத்துவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் ஒரு தேவாலயத்தில் காந்தியை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் அவர் கிறிஸ்தவராகியிருப்பார் என்பது அந்தக் கதை. ‘சத்திய சோதனை’யில் அது இல்லை. அதில் இருப்பது நேர் எதிரானது. டர்பனில் நண்பர்கள் சொன்னதற்கிணங்க அவர் ஒவ்வொரு ஞாயிறும் வெஸ்லியன் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். உள்ளே உட்கார்ந்து சில சமயம் தூங்கியும் இருக்கிறார். வெட்கமாக இருந்ததாம். பக்கத்தில் இருந்தவர்களும் அதே நிலையில் இருந்ததைப் பார்த்து வெட்கம் கொஞ்சம் குறைந்ததாம்.

பிரிட்டோரியாவுக்கு முன்

ராஜ்கோட்டில் பள்ளிக்கூடத்துக்கு அருகே ஒரு மூலையில் மிஷனரிகள் நின்று, இந்துக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் இழிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிறுவன் காந்தி ஒரே ஒரு முறை நின்று கேட்டார், மறுபடி நிற்கவில்லை. அது போதாதென்று, ஊரில் தெரிந்த ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதும் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, உடையையும் மாற்றிக்கொண்டார் என்று பேச்சு வந்தது. எல்லா மதங்களிடமும் சகிப்பு கற்றுக்கொண்டிருந்த அந்தப் பையனுக்குக் கிறிஸ்தவத்தின் மீது மட்டும் வெறுப்பு வந்தது.

லண்டனில் அது மாறியது. மாற்றியது கூட்டமோ பிரசங்கமோ அல்ல. சைவ உணவு விடுதியில் சந்தித்த மான்செஸ்டர்க்காரர் ஒருவர். அவரிடம் காந்தி ராஜ்கோட் கதையைச் சொன்னார். அவர் வருந்தினார். நான் இறைச்சி உண்பதில்லை, குடிப்பதில்லை, எங்கள் வேதம் அவற்றைக் கட்டாயமாக்கவில்லை, தயவுசெய்து ஒரு முறை வாசித்துப் பாருங்கள் என்றார். காந்தி அவரிடமே ஒரு பைபிள் வாங்கினார். ஆதியாகமத்தைத் தாண்டியதும் தூக்கம் வந்தது. எண்ணாகமம் பிடிக்கவே இல்லை. மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சுக்குள் போயிற்று. அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் காயத்தைக் கேட்டார், பிறகு தன் தட்டைக் காட்டினார், கடைசியில்தான் புத்தகத்தைக் கொடுத்தார்.

பேக்கரும் கோட்ஸும்

1893 ஜூனில், தாதா அப்துல்லா என்ற இந்திய வணிகரின் வழக்குக்காக பிரிட்டோரியா வந்து இறங்கிய காந்திக்கு வயது 23. வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தங்க இடமில்லாத ஊரில் அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் வழக்கின் அட்டர்னி ஏ.டபிள்யூ. பேக்கர். தொழில் வழக்கறிஞர், மனத்தளவில் ஊழியக்காரர். சொந்தச் செலவில் ஒரு தேவாலயம் கட்டியிருந்தார். ஆரம்ப நாட்களிலேயே நேராகக் கேட்டுவிட்டார்: உங்கள் மத நம்பிக்கை என்ன?

காந்தியின் பதிலும் நேரானது. பிறப்பால் இந்து, இந்து மதத்தைப் பற்றி அதிகம் தெரியாது, எங்கே நிற்கிறேன் என்றும் தெரியாது, என் மதத்தையும் முடிந்தவரை மற்ற மதங்களையும் கவனமாகப் படிக்க எண்ணுகிறேன். பேக்கர் மகிழ்ந்தார். தினமும் ஒரு மணிக்கு நாங்கள் சிலர் கூடி ஜெபிக்கிறோம், வாருங்கள் என்றார்.

போனார். பாட்டில்லை, இசையில்லை. எல்லோரும் முழங்காலிட்டார்கள், அவரும் முழங்காலிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். அன்றைய ஜெபத்தில் ஒரு வேண்டுதல் சேர்ந்தது: எங்கள் நடுவே வந்திருக்கும் இந்தப் புதிய சகோதரருக்கும் வழி காட்டும், எங்களை இரட்சித்த இயேசு இவரையும் இரட்சிக்கட்டும். இதை வாசிக்கும் சில நண்பர்கள், ஒருவரை விருந்தாளியாக அழைத்து, அவர் காதுபட இப்படி ஜெபிப்பது முறையா என்று கேட்கிறார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை. பேக்கர் எதையும் ஒளிக்கவில்லை. வீடு பார்த்துக் கொடுத்ததற்கு விலையாக ஜெபத்துக்கு அழைக்கவும் இல்லை. நண்பனாகப் பழகிவிட்டுப் பல மாதம் கழித்து உள்நோக்கம் வெளிப்பட்டால்தான் கேட்பவருக்கு ஏமாந்த உணர்வு வரும். முதல் நாளே வெளிப்படையாக வைத்துவிட்டால் அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லவும் இடம் இருக்கிறது. தன் மதத்தை முழுதாக அறியாமல் வேறொன்றை ஏற்பதில்லை என்ற முடிவைக் காந்தி எடுத்ததும் இந்த நாட்களில்தான்.

அந்த ஜெபக் கூட்டத்தில் அறிமுகமானவர்கள் ஹாரிஸ், கேப் என்ற இரு வயதான பெண்மணிகளும், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கோட்ஸும். ஞாயிறு நான்கு மணிக்கு அந்தப் பெண்மணிகள் வீட்டில் தேநீர். அந்த வாரத்து ஆன்மிக நாட்குறிப்பைக் காந்தி கோட்ஸிடம் கொடுப்பார். படித்ததைப் பற்றிப் பேசுவார்கள். பெண்மணிகள் தாங்கள் கண்ட சமாதானத்தைச் சொல்வார்கள். கோட்ஸ் புத்தகம் கொடுப்பார். கொடுத்தார், கொடுத்தார், அலமாரி நிறையும்வரை கொடுத்தார். காந்தியும் உண்மையாகவே வாசித்தார். சிலவற்றை ரசித்தார், சில அவரை அசைக்கவே இல்லை.

ஆனால் இருவரும் சேர்ந்து நடந்த நடையைப் பற்றி அவர் எழுதும்போது தொனியே வேறு. இரவு ஒன்பது மணிக்குமேல் அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியர்கள் வெளியே இருக்கக் கூடாது. இருவரும் பேசிக்கொண்டு வீடு திரும்பப் பத்து மணி ஆகிவிடும். காவலர் பிடித்தால் என்ன செய்வது என்ற கவலை காந்தியைவிடக் கோட்ஸுக்கு அதிகம். தன் வேலைக்காரர்களுக்கு எழுதித் தருவதைப் போல நண்பருக்கும் சீட்டு எழுதித் தர அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அரசு வழக்கறிஞர் டாக்டர் க்ராஸேயிடமே அழைத்துப் போனார். எந்த நேரத்திலும் வெளியே இருக்கலாம் என்று கடிதம் கிடைத்தது. இது மதப் பேச்சே இல்லை. ஆனால் கோட்ஸின் மதம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன புத்தகம் அந்த அலமாரியில் இருந்திருக்காது.

துளசி மாலை

இதே கோட்ஸ்தான் சறுக்கினார். காந்தியின் கழுத்தில் வைணவர்கள் அணியும் துளசி மணி மாலை இருந்தது. கோட்ஸுக்கு அது மூடநம்பிக்கை. உங்களைப் போன்றவருக்கு இது பொருந்தாது, கொடுங்கள், அறுத்துவிடுகிறேன் என்றார். இது என் தாய் தந்த புனிதப் பொருள், அறுக்க விடமாட்டேன் என்றார் காந்தி.

இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கோட்ஸ் கேட்டார். கிடைத்த பதில் அவரைக் குழப்பியிருக்க வேண்டும். இதன் உட்பொருள் எனக்குத் தெரியாது. அணியாவிட்டால் தீங்கு வரும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் என் நன்மைக்கு என்று நம்பி, அன்பினால் அவர் என் கழுத்தில் இட்டதைக் காரணமில்லாமல் கழற்ற முடியாது. காலப்போக்கில் தேய்ந்து அறுந்தால் புதிதாக ஒன்று தேடவும் மாட்டேன். அந்தத் தாய், புத்லிபாய், இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மகன் லண்டனில் இருந்தபோது போனவர். கடைசியாக முகம் பார்க்கக்கூட முடியவில்லை.

கோட்ஸ் மாலையைப் பார்த்தார். அதைக் கட்டிய கையைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நெற்றியில் பூசி அனுப்பிய திருநீற்றை உடனே அழித்துவிடு என்று பிள்ளையிடம் சொல்கிற வீடுகளை எனக்குத் தெரியும். என் வீடும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே அழிவது திருநீறு மட்டும்தானா என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

வாதம், கன்வென்ஷன்

கோட்ஸ் அறிமுகப்படுத்திய பிளைமவுத் சகோதரர் சபைக்காரர் ஒருவரைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பாவம் செய்யாமல் மனிதன் வாழ முடியாது, அதை இயேசுவின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பது அவர் வாதம். பாவத்தின் விளைவிலிருந்து அல்ல, பாவத்திலிருந்தே, பாவ எண்ணத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்றார் காந்தி. அது நடக்காத காரியம் என்ற அந்தச் சகோதரர், தெரிந்தே சில தவறுகளைச் செய்து, பாருங்கள், என் மனம் கலங்கவே இல்லை என்று காட்டினார்! இதைக் கேட்ட கோட்ஸ் பதறிப்போனார். ஒருவரின் கோணலான நம்பிக்கையை வைத்து உங்கள் மதத்தை எடைபோட மாட்டேன் என்று ஆறுதல் சொல்ல வேண்டிய பொறுப்பு காந்திக்கு வந்தது. கோட்ஸும் அந்தப் பெண்மணிகளும் வாழும் வாழ்க்கையை நேரில் கண்டிராவிட்டால் அந்த ஆறுதலை அவரால் சொல்லியிருக்க முடியாது.

பிறகு பேக்கர் அவரை வெலிங்டன் நகரில் நடந்த கன்வென்ஷனுக்கு, அதாவது விசுவாசிகள் சில நாள் கூடி ஜெபிக்கும் பெருங்கூட்டத்துக்கு, அழைத்துப் போனார். தலைமை போதகர் ஆண்ட்ரூ மரே. நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல்களை அறிந்தவர்களுக்கு அந்தச் சூழலை விளக்க வேண்டியதில்லை. அத்தனை பேரின் விசுவாசத்தையும் உருக்கத்தையும் கண்டால் இவர் மனம் மாறும் என்று பேக்கர் நம்பினார். பயணமே சோதனையாக இருந்தது. ஓய்வுநாளில் பேக்கர் பயணம் செய்யமாட்டார். அதனால் வழியில் தங்க வேண்டியதாயிற்று. விடுதியில் இந்தியரைச் சேர்க்க முதலில் மறுத்தார்கள். பிறகு சேர்த்தாலும் சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டோம் என்றார்கள். பேக்கர் விட்டுக்கொடுக்காமல் நின்று வாதாடினார். வெலிங்டனிலும் இந்தத் தொல்லை தொடர்ந்தது.

மூன்று நாள் கூட்டத்தில் காந்திக்காகப் பலர் ஜெபித்தார்கள். சில பாடல்கள் அவருக்குப் பிடித்தன. ஆனால் இயேசு ஒருவரே தேவகுமாரன், அவரை நம்புவோருக்கே நித்திய வாழ்வு என்பதை அறிவும் மனமும் ஏற்கவில்லை என்று அவர் நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் அதிர்ந்துபோனார்கள். அந்த அதிர்ச்சியில்தான் கணக்கு தெரிகிறது. ஒருவரைக் கிறிஸ்துவிடம் சேர்ப்பதை ‘ஆத்தும ஆதாயம்’ என்று நாம் சொல்கிறோமே, வணிகச் சாதியில் பிறந்தவருக்குத் தன்மேல் ஆதாயக் கணக்கு எழுதப்படுவது புரியாமலா போகும்? இருந்தும் அவர் கசப்படையவில்லை. அவர்கள் எண்ணிய பாதையில் நான் போகவில்லை, ஆனாலும் என்னுள் அவர்கள் எழுப்பிய தேடலுக்காக என்றும் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதினார்.

ஆப்பிள்

இந்த நிகழ்வுத் தொகுப்பில் என்னை அதிகம் உறுத்துவது டர்பன் வீடு ஒன்றில் நடந்தது. மேலே சொன்ன வெஸ்லியன் தேவாலயத்துக்கு அவரை அனுப்பிய குடும்பம் அது. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வரலாம் என்று நிரந்தர அழைப்பு. தென்னாப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவருக்கு வெள்ளையர் வீட்டு மேசையில் இடம் என்பது சாதாரணமல்ல. வீட்டு அம்மாள் நல்லவர், எளியவர். மதம் பேசுவார்கள், தாராளமாகவே பேசுவார்கள்.

ஒரு ஞாயிறு பேச்சு புத்தரையும் இயேசுவையும் ஒப்பிடுவதில் போய் நின்றது. புத்தரின் கருணை மனிதர்களோடு நிற்காமல் எல்லா உயிர்களுக்கும் விரிந்தது என்றார் காந்தி. இயேசுவின் வாழ்க்கையில் அதைக் காண முடியவில்லை என்றும் சொல்லிவிட்டார். அம்மாள் மனம் புண்பட்டது. காந்தி பேச்சை நிறுத்திக்கொண்டார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அங்கே ஐந்து வயது மகன். குழந்தைகள் என்றால் காந்திக்கு உயிர். இருவரும் பழைய தோழர்கள். பையன் தட்டில் இருந்த இறைச்சியைக் கிண்டல் செய்து, தன் தட்டில் இருந்த ஆப்பிளைப் புகழ்ந்தார். பையனும் சேர்ந்து ஆப்பிளைப் புகழ ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் போனபோது அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். பையன் இறைச்சி தின்ன மறுக்கிறான், பழம் கேட்கிறான், நீங்கள் சொன்ன காரணத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறான், இப்படியே போனால் நோய் வராவிட்டாலும் மெலிந்துபோவான், இனி உங்கள் விவாதங்கள் எங்களைப் போன்ற பெரியவர்களோடு மட்டும் இருக்கட்டும். காந்திக்கு ஒரு தாயின் கவலை புரிந்தது. நான் என்ன பேசுகிறேன் என்பதைவிட என்ன சாப்பிடுகிறேன், எதை விடுகிறேன் என்பதுதான் குழந்தையைப் பாதிக்கும். அதனால் நான் வருவதை நிறுத்திக்கொள்வதே நல்லது, நம் நட்பு அதனால் குறையாது என்றார். நன்றி என்றார் அம்மாள். அந்த நன்றியில் நிம்மதி தெரிந்ததாகக் காந்தி எழுதுகிறார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கத்தவில்லை, அவமதிக்கவில்லை. காந்தியின் நாக்கும் அன்று கொஞ்சம் நீண்டுவிட்டது என்றே சொல்வேன். உணவு கொடுத்த வீட்டின் தட்டைக் கிண்டல் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அடியில் இருப்பதைப் பாருங்கள். மாதக்கணக்கில் அந்த வீடு தன் விசுவாசத்தை அவரிடம் பகிர்ந்தது. தேவாலயத்துக்கு அனுப்பியது. அவர் மனம் மாறலாம் என்று எதிர்பார்த்தது. அவருடைய நம்பிக்கை ஒரே ஒரு ஆப்பிள் அளவுக்கு அந்த வீட்டுக்குள் வந்ததும் மேசையில் அவருக்கு இடம் இல்லாமல் போயிற்று. பிரிட்டோரியாவில் நாட்குறிப்பு போன திசையும் அதுதான்: காந்தி எழுதுவார், கோட்ஸ் வாசிப்பார். கோட்ஸின் நாட்குறிப்பைக் காந்தி ஒரு நாளும் வாசித்ததாகத் தெரியவில்லை. உன் பிள்ளையை நான் மாற்றலாம், என் பிள்ளையை நீ தொடக் கூடாது என்பது எழுதப்படாத நிபந்தனையாக இருக்கும் இடத்தில் நட்பு அதற்குமேல் வளராது.

வால்ட்டன், டோக்

டர்பனில் தென்னாப்பிரிக்க ஜெனரல் மிஷனின் தலைவர் ஸ்பென்ஸர் வால்ட்டன் காந்தியோடு நெருங்கிப் பழகினார். அவர் ஒருமுறைகூடக் கிறிஸ்தவத்தை ஏற்கும்படி அழைக்கவில்லை, தன் வாழ்க்கையைத் திறந்து வைத்திருந்தார் என்று காந்தி எழுதுகிறார். இந்த இடத்தை மேற்கோள் காட்டி, ஆகவே வாழ்ந்து காட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று முடிப்பவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. வால்ட்டன் ஒரு மிஷனின் தலைவர். அவர் எதை நம்புகிறார் என்பது ஊரறிந்தது. இருவருக்கும் இடையே அடிப்படை வேறுபாடு இருப்பதும் இருவருக்கும் தெரியும். மறைக்க எதுவும் இல்லாததால்தான் அவர் வற்புறுத்தாமல் இருந்தது மரியாதையாகப் பட்டது. தன் நம்பிக்கையை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருப்பவரின் கதை வேறு.

பேச்சுக்கும் இடம் உண்டு என்பதற்கு ஜோசப் டோக்கே சான்று. 1908 பிப்ரவரி 10ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க். அரசுடன் செய்த உடன்பாட்டின்படி பெயரைப் பதிவு செய்யப் போய்க்கொண்டிருந்த காந்தியை மீர் ஆலம் என்ற பட்டாணியரும் உடன் வந்தவர்களும் தாக்கினார்கள். மயங்கி விழுந்தவரை அருகிலிருந்த அலுவலகம் ஒன்றில் கிடத்தியிருந்தார்கள். செய்தி கேட்டு ஓடிவந்த பாப்டிஸ்ட் போதகர் டோக், என் வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டு அழைத்துப் போனார். அறிமுகமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சுமார் பத்து நாள் அந்தக் குடும்பமே இரவு பகலாகப் பார்த்துக்கொண்டது. பார்க்க வந்த இந்தியர்கள், அழுக்கு உடையோடு வந்த கூடைக்கார வியாபாரிகள் உட்பட, எல்லோரும் வரவேற்பறைக்கே அழைத்துவரப்பட்டார்கள்.

டோக்குக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர் சபை. இப்படிச் செய்தால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும், சபையார் கோபிக்கமாட்டார்களா என்று காந்திதான் கேட்டார். டோக் சிரித்தார். சிலுவையில் மனமுவந்து ஏறியவரை, உலகளவு அன்பு கொண்டவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறேன், அப்படியிருக்க நான் எப்படிப் பயப்படுவது என்ற பொருளில் பதில் சொன்னார். இது அப்பட்டமான சுவிசேஷம். பிரிட்டோரியாவில் பேக்கர் சொன்னதற்கும் இதற்கும் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இங்கே கேள்வி கேட்டவர் காந்தி. பேதுருவின் முதலாம் நிருபத்தில் ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று ஒரு வசனம் உண்டு. ஆயத்தமாயிருங்கள் என்பதை மனப்பாடமாகச் சொல்லும் நாம், ஒருவர் விசாரித்துக் கேட்கும்படி நம்மிடம் என்ன நடந்தது என்று நின்று பார்ப்பதில்லை.

பதிலோடு டோக் நின்றுவிடவும் இல்லை. விருந்தாளியின் வாழ்க்கையைக் கேட்டுக் கேட்டு எழுதினார். 1909இல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் காந்தியின் முதல் வாழ்க்கை வரலாறு. இந்த முறை நாட்குறிப்பை வாங்கி மதிப்பிடவில்லை; உட்கார்ந்து கேட்டார்.

அந்தப் பத்து நாட்களில் ஒன்று. முகத்திலும் உதட்டிலும் தையல். பேசக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. காந்தி ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: ‘ஒளியே, வழிநடத்து’ என்ற பொருளில் நியூமன் எழுதிய ஆங்கிலப் பாடலை உங்கள் மகள் பாடுவாளா? டோக் சைகையால் ஆலிவை அழைத்தார். சிறுமி அறைக்குள் வரவில்லை. கதவோரம் நின்று, நோயாளிக்குத் தொந்தரவு ஆகாதபடி மெல்லிய குரலில் பாடினாள். பல ஆண்டுகள் கழித்து அந்த நாட்களைச் சொல்லி எழுதவைத்தபோதும் அந்தக் குரல் தன் காதில் ஒலிக்கிறது என்றார் காந்தி.